சாரம்: கடல் கடந்து வந்த சொல்

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட அந்த இரவில், பல குடும்பங்களுக்கு மூட்டை கட்ட உதவியது வீட்டிலிருந்த சாரந்தான். மரத்தடியில் அதுவே பிள்ளைக்கு ஏணையானது. கிணற்றடியில் பெண்களுக்கு மறைப்பானது. அகராதியில் தேடினால் சாரம் என்பதற்குச் சாறு, கருப்பொருள் என்றே முதலில் காணலாம். மேசன்மார் ஏறி நிற்கும் சாரமும் உண்டு. நாம் உடுக்கும் சாரம் வேறு சொல்.

மலாய் மொழியில் 'சாருங்' என்றால் உறை. கத்தி உறைக்கும் அதே பெயர்தான். இரு முனைகளையும் சேர்த்துத் தைத்த துணிக்குப் பொருத்தமான பெயர் எனலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நாம் அவர்களிடம் சொல்லை வாங்கினோம். அவர்களோ தமிழ்க் கரையிலிருந்து துணியையும் ஓர் ஊரின் பெயரையும் வாங்கினார்கள். மலேசியாவில் ஆண்கள் உடுக்கும் கட்டம் போட்ட சாரத்துக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு. 1613 இல் ஒல்லாந்தரின் கெல்திரியாக் கோட்டை அங்கே எழுந்தது. அக்கரையில் நெய்த துணிகளைக் கப்பலேற்றி, கிழக்கிந்தியத் தீவுகளில் அவற்றைக் கொடுத்து மிளகும் கராம்பும் வாங்கினார்கள்.

எமது நாட்டில் கைத்தறிச் சாரத்துக்குப் பெயர்போன ஊர் கிழக்கின் மருதமுனை. 1977 இன் பின் இறக்குமதித் துணி மலிவாக வந்திறங்கியதும் நாட்டின் பல தறிகள் ஓய்ந்தன. 2004 ஆழிப்பேரலை மருதமுனைக் கரையையும் தாக்கியது. இத்தனைக்குப் பின்னும் அங்கே நெய்கிறார்கள் என்பதை, சாரம் வாங்கும்போது நினைவில் வைப்போம்.

வாங்குமுன் துணியைத் திருப்பிப் பாருங்கள். நூலுக்குச் சாயமிட்டு நெய்த கட்டம் இரு பக்கமும் ஒன்றுபோலிருக்கும். அச்சிட்டதில் உட்பக்கம் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். ஓரத்தில் ஒரு நூலை உருவினால் ஐயமே இராது: நெய்ததில் நூல் முழுவதும் ஒரே நிறம், அச்சில் இடையிடையே நிறம் மாறும். ஆனால் விசைத்தறியிலும் இப்படி நெய்வார்கள். ஆகவே இதை மட்டும் வைத்துக் கைத்தறி என்று நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம்.

பழைய சாரத்தில் தையலைப் பிரித்தால் நீண்ட விரிப்பு கிடைக்கும். ஏணைக்கோ தையல் பிரியாத சாரமே வேண்டும். பிள்ளையை இடுமுன் அத்தையலை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். இளகியிருந்தால் அதன்மேல் இன்னொரு வரி தைத்துவிடுங்கள். துணியே நைந்திருந்தால் ஏணைக்கு எடுக்க வேண்டாம்.