அம்புக்குறி எங்கே நிற்க வேண்டும்?

டோபி காட் நிலையத்தில் மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. சிவப்பு நிற வடக்கு–தெற்குப் பாதை 1987இல் வந்தது. ஊதா நிற வடகிழக்குப் பாதை 2003இலும், மஞ்சள் நிற வட்டப் பாதை 2010இலும் வந்து சேர்ந்தன. தரைக்குக் கீழே அடுக்கடுக்காகத் தளங்கள், நீண்ட நடைவழிகள், மின்படிகள். சிங்கப்பூருக்குப் புதிதாக வருபவரை மிரளவைக்கும் நிலையம் இது.

காரைக்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மாவை ஒருநாள் அங்கே முன்னால் நடக்கவிட்டேன். லிட்டில் இந்தியா அடுத்த நிறுத்தம்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். "ஊதாக் கலரைப் பார்த்துப் போங்கம்மா, நான் பின்னாலயே வரேன்" என்று மட்டும் சொன்னேன். வழி பிரிகிற இடத்திலெல்லாம் நின்றார், அண்ணாந்து பார்த்தார், ஊதாவைக் கண்டதும் நடந்தார். கீழே இறங்கியதும் எதிர்த்திசை ரயில் வரும் பக்கத்தில் போய் நின்றார். கதவுக்கு மேலிருந்த பெயர்ப் பட்டியலை விரல் வைத்துப் படித்தார். லிட்டில் இந்தியா அதில் இல்லை. தாமாகவே மறுபக்கம் வந்தார். நான் வாயே திறக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் வேறொரு காட்சி. பதினான்கு வயது மகன் புதிதாக வாங்கிய வியூக விளையாட்டு ஒன்றைக் கணினியில் திறந்தான். நகரம் கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும், வரி விதிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்பே விளக்கப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவன் 'அடுத்து', 'அடுத்து' என்று தட்டிக்கொண்டே போனான்.

"ஏன்டா, படிக்காமலே தள்ளுறே?" என்று கேட்டார் அம்மா.

"இதையெல்லாம் யாரு அப்பத்தா படிப்பா?"

அரை மணி நேரத்தில் அவன் நகரம் பட்டினியில் விழுந்தது. காரணம் அவனுக்குப் புரியவில்லை. அது அவன் தள்ளிவிட்ட பெட்டிகளில் ஏதோ ஒன்றில் இருந்தது. கணினியை மூடிவிட்டு எழுந்து போனான்.

வீடியோ கேம் உலகில் இந்தத் தொடக்கப் பாடத்துக்கு 'டுடோரியல்' என்று பெயர். சிக்கலான விளையாட்டை உருவாக்குபவர்களுக்கு இது பெரிய தலைவலி. விளக்காவிட்டால் புதியவர் திணறுவார். அளவுக்கு மீறி விளக்கினால் ஓடிவிடுவார். எதை, எப்போது, எவ்வளவு சொல்வது? ஒரு ரயில் நிலையத்தில் சரளமாகப் படிக்கத் தெரியாத மொழியிலும் வழி கண்டுபிடிக்க முடிகிறது. வீட்டுக் கணினியில், தெரிந்த மொழியில், முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அறிவியலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நான்கு பொருள் கொள்ளும் கூடை

நாம் ஒரு நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொண்டு வேலை செய்யக்கூடியது மிகக் குறைவு. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் அதை ஏறத்தாழ ஏழு என்று கணித்தார். 2001இல் நெல்சன் கோவன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நான்குக்குப் பக்கம்தான் என்றார். இந்தச் சிறு கூடைக்குச் செயல் நினைவு என்று பெயர். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஜான் ஸ்வெல்லர் 1988இல் இதன்மேல் ஒரு கோட்பாட்டை எழுப்பினார். கற்பவரின் கூடை நிரம்பி வழிந்தால், எவ்வளவு நல்ல பாடமும் உள்ளே தங்காது.

'டோட்டா 2' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் உலகக் கோப்பையான 'தி இன்டர்நேஷனல்' 2022 அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்தது. இறுதி ஆட்டங்கள் சிங்கப்பூர் உள்ளரங்கில் நடந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட நாயகர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறன்கள், அதற்கும் மேல் வாங்கிச் சேர்க்க வேண்டிய ஆயுதங்கள். இவ்வளவையும் ஆட்டத்துக்கு முன்னால் ஒப்பிக்கச் சொன்னால் யாருடைய கூடை தாங்கும்? ரசிகர்கள் கற்றது ஆடி ஆடித்தான்; தோற்றுத் தோற்றுத்தான்.

45,000 பேர் சொன்ன பதில்

டுடோரியல் உண்மையிலேயே உதவுகிறதா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆண்டர்சனும் குழுவினரும் இதை 2012இல் அளந்து பார்த்தார்கள். அவர்கள் உருவாக்கிய மூன்று விளையாட்டுகளை 45,000க்கும் அதிகமானோர் ஆடினார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு வகையான பயிற்சி. சிலருக்கு ஒன்றுமே இல்லை.

இரண்டு எளிய விளையாட்டுகளில் பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தட்டித் தடவிப் பார்த்தே ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது 'ஃபோல்டிட்'. புரதத்தின் வடிவத்தை மடித்துக் கண்டுபிடிக்கும் சிக்கலான விளையாட்டு அது. அதில் மட்டும் பயிற்சி பெற்றவர்கள் ஆடிய நேரம் 29 விழுக்காடு வரை கூடியது. தேவைப்படும் கட்டத்தில் கிடைத்த குறிப்பு, ஆரம்பத்திலேயே மொத்தமாகக் கொடுத்த கையேட்டைவிட ஃபோல்டிட்டில் நன்றாகப் பலித்தது.

பொழுதுபோக்கைத் தாண்டியும் இதற்கு மதிப்பு உண்டு. குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி வடிவம் விஞ்ஞானிகளுக்குப் பத்தாண்டுக்கும் மேலாகப் பிடிபடாமல் இருந்தது. ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் சில வாரங்களுக்குள் அதற்கு வழிகாட்டினார்கள். 2011இல் அது ஆய்விதழில் வெளியானது. ஆடியவர்களில் பலர் உயிர்வேதியியல் படித்தவர்கள் அல்லர். படிப்படியாகக் கற்றுத்தந்த தொடக்கக் கட்டங்கள் இல்லாவிட்டால் அவர்கள் புரதத்தின் பக்கமே வந்திருக்க மாட்டார்கள்.

சூரியகாந்திக்கு ஏன் விலை குறைவு?

'பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்' 2009இல் வந்தது. அதை வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன், கேம் ஆடிப் பழகாத தம் அம்மாவும் அதைக் கடைசிவரை ஆடினார் என்று பின்னர் ஓர் உரையில் விளக்கினார். முதல் கட்டத்தில் புல்வெளியில் ஒரே ஒரு வரிசை; நடுவதற்கு ஒரே ஒரு செடி. இரண்டாவது பாடம் இரண்டாவது கட்டத்தில். திரையில் ஒரு நேரத்தில் எட்டுச் சொற்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர் தமக்கே வகுத்துக்கொண்ட விதி.

அந்த ஆட்டத்தில் சூரிய ஒளிதான் பணம். அதைத் தருவது சூரியகாந்திச் செடி. புதியவர்கள் அதை நடாமல் சுடும் செடிகளையே வாங்கித் தோற்றார்கள். 'முதலில் சூரியகாந்தி நடு' என்று பலகை மாட்டியிருக்கலாம். ஃபேன் சூரியகாந்தியின் விலையைச் சுடும் செடியின் விலையில் பாதியாக்கினார். கையில் காசு குறைவாக இருக்கும்போது மலிவானதைத்தானே வாங்குவோம்? ஒரு வாக்கியமும் சேர்க்காமல், விலையே பாடத்தை நடத்திவிட்டது.

1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இதற்கு முன்னோடி. முதல் திரையில் மாரியோ இடது ஓரத்தில் நிற்பான், வலப்பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச தூரத்தில் முறைத்தபடி ஓர் எதிரி வரும். தாண்டத் தவறினால் உயிர் போகும். ஆனால் இழப்பது சில நொடிகள்தான். தவறு மலிவாக இருந்தால் பாடம் ஆழமாக இறங்கும்.

சிங்கப்பூர் வகுப்பறையில் ஒரு தோல்வி

இந்தக் கடைசிக் கருத்தை ஆராய்ச்சியாக வளர்த்தது சிங்கப்பூர்தான். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய மனு கபூர், 2008இல் 'பயன்தரும் தோல்வி' என்ற கருத்தை முன்வைத்தார். இப்போது அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பேராசிரியர்.

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் அவர் கொடுத்த கணக்கு இது. மூன்று காற்பந்து வீரர்கள் இருபது ஆண்டுகளில் அடித்த கோல்களின் பட்டியல் இருக்கிறது. ஏற்ற இறக்கம் குறைவாக, சீராக ஆடியவர் யார்? மாணவர்களுக்குத் திட்டவிலக்கம் என்ற சூத்திரம் தெரியாது. ஒரு பிரிவினருக்கு ஆசிரியர் முதலில் பாடம் நடத்தினார். இன்னொரு பிரிவினர் குழுவாக அமர்ந்து தாங்களே வழி தேடினார்கள். சராசரி எடுத்தார்கள், வரைபடம் போட்டார்கள், ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசத்தைக் கூட்டினார்கள். சரியான சூத்திரத்தை அவர்கள் எட்டவில்லை. அதன் பிறகே ஆசிரியர் அவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

தேர்வில், சூத்திரத்தைப் போட்டுக் கணக்கிடுவதில் இரு பிரிவினரும் சமம். ஆனால் அது எதற்கு, ஏன் என்று புரிந்துகொள்வதிலும், புதிய கணக்கில் பயன்படுத்துவதிலும் முதலில் திணறியவர்களே முன்னால் நின்றார்கள். திணறிய மனத்தில் கேள்வி இருந்தது. பாடம் வந்ததும் அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திணறவிட்டுவிட்டு ஆசிரியர் வெளியே போய்விடவில்லை. தோல்விக்குப் பின் விளக்கம் வந்தது. என் மகனின் நகரம் பட்டினியில் விழுந்தபோது, அந்த விளையாட்டு ஏனென்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வயல் போதவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் மீண்டும் தொடங்கியிருப்பான். இருபது பெட்டிகள் செய்யாததை அந்த ஒரு வரி செய்திருக்கும்.

கட்டவும் அவிழ்க்கவும் வேண்டிய சாரம்

கட்டடம் எழும்ப வெளியே சாரம் கட்டுகிறோம். கட்டி முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். கற்பித்தலும் அப்படித்தான் என்று 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதினார்கள். உதவி தேவை, அது மெல்ல விலகுவதும் தேவை. தேர்ச்சி பெற்றவருக்குத் தொடக்க நிலை விளக்கம் உதவாததோடு, இடையூறாகவும் ஆகும் என்பதை ஸ்வெல்லரின் வழிவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நல்ல டுடோரியல் ஆட்டக்காரரைக் கவனித்துக்கொண்டே இருக்கும்: தடுமாறுகிறாரா, கைகொடு, ஓடுகிறாரா, ஒதுங்கு.

சிங்கப்பூரில் இதைச் செய்து பார்த்த இளைஞர்கள் உண்டு. எம்ஐடியும் சிங்கப்பூர் அரசும் சேர்ந்து 2006இல் தொடங்கிய 'காம்பிட்' ஆய்வுக்கூடத்தின் சிங்கப்பூர்க் குழு உருவாக்கிய 'கார்னிவேல்: ஷோடைம்', 2008இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய உலகளாவிய போட்டியில் முதல் பரிசு வென்றது. ஒரு சர்க்கஸ் கலைஞன் கைக்குக் கை தாவி மேலேறுவதுதான் ஆட்டம். கட்டத்துக்குக் கட்டம் சிக்கல் கூடும். ஆடுபவரின் கையும் கூடவே பழகும்.

அன்றிரவு அம்மா பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்தார். பதினான்கு குழிகள், சோழிகள். மகனிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஒரு குழியை அள்ளு, ஒண்ணொண்ணாப் போட்டுக்கிட்டே போ." அவன் போட்டான். ஒரு குழியில் நான்கு சேர்ந்தது. அவன் கவனிக்கவில்லை, அம்மா எடுத்துக்கொண்டார்.

"ஏன் அப்பத்தா எடுத்தீங்க?"

"நாலு சேர்ந்தா பசு. நீ பாக்கலையே!"

அந்த விதியை அவன் இனி மறக்க மாட்டான். அவன் கேட்ட நொடியில் அது வந்தது. அடுத்த ஆட்டத்தில் அவன் கண் குழிகளை எண்ணிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

டோபி காட் என்ற பெயர் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் விட்டுச்சென்றது. பிராஸ் பசா ஓடையில் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். அந்தக் காலத்துத் தொழில்கள் எல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று, கை பார்த்துக் கை பழகி வந்தவை. கணினி விளையாட்டு இன்று தேடுவதும் அந்தப் பக்கத்துத் துணையைத்தான்.

கேம் வடிவமைப்புப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும், செயலி எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளக்கம் எழுதும் முன், நீங்கள் செய்ததை அதுவரை பார்த்தே இராத ஒருவர் கையில் கொடுங்கள். உங்கள் அம்மாவாக இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் உட்காருங்கள், பேசாதீர்கள். அவர் எங்கே நின்று அண்ணாந்து பார்க்கிறாரோ, அங்கே ஓர் அம்புக்குறியை வையுங்கள்.