கண்ணுக்கு டகோட்டா, காதுக்கு செஸ்னா

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அந்தக் காலத்தை வைத்து யாராவது தொடர் எடுத்தால் எந்த விமானத்தைக் காட்ட வேண்டும்? இப்போது வருகிற தொடர்களில் பறக்கும் பழைய விமானங்கள் எல்லாம் நிஜம்தானா?”

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பெரும்பாலும் இல்லை. தொடர் எடுப்பவருக்கு மூன்று வழிகள்தான் உண்டு. மிச்சமிருக்கும் பழைய விமானத்தைத் தேடிப்பிடிப்பது, கிடைத்த விமானத்துக்கு வேஷம் கட்டுவது, கணினியில் வரைந்துகொள்வது. ‘அச்சு அசல் அந்தக் காலம்’ என்று விளம்பரம் முழங்கினால், மூன்றில் எது என்று கேளுங்கள்.

வேஷம் கட்டுவதில் பிரிட்டிஷ்காரர்களே கில்லாடிகள். 1988இல் அங்கே ஒளிபரப்பான ‘பீஸ் ஆஃப் கேக்’ தொடரின் மூல நாவலில் விமானிகள் ஓட்டுவது ஹரிகேன். பறக்கும் நிலையில் போதிய ஹரிகேன் கிடைக்காததால் தொடரில் ஸ்பிட்ஃபயரில் ஏறினார்கள். 1939இல் பிரான்சில் முகாமிட்ட படைப்பிரிவுகளில் ஸ்பிட்ஃபயரே கிடையாது. ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ (1969) படத்தில் வரும் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட்டுகளின் மூக்கை நிறுத்திப் பாருங்கள். அசலில் இயந்திரம் தலைகீழாகத் தொங்கும். புகைபோக்கிக் குழாய்களின் வரிசை மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும். படத்திலோ அந்த வரிசை மேலே ஏறியிருக்கும். காரணம், அவை ஸ்பெயினில் செய்யப்பட்டவை; உள்ளே இருப்பது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின். எதிரியாக வரும் ஸ்பிட்ஃபயருக்கும் அதே குடும்பத்து இயந்திரம்தான்.

இதைப் பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை. ஜே.ஆர்.டி. டாடா 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது புஸ் மாத் விமானத்தில். ஐம்பது ஆண்டு கழித்து, 1982இல், அதே பயணத்தை 78 வயதில் மறுபடி செய்துகாட்டியபோது அவர் ஓட்டியது லெப்பர்ட் மாத். சரித்திர நாயகரே நேரில் வந்தும் விமானம் வேறு! நமது விமானப்படை பறக்கவிடும் ‘பரசுராமா’ என்ற டகோட்டா விமானமும் அப்படித்தான். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் விபி 905 என்ற எண்ணை அது மரியாதைக்காகச் சுமக்கிறது, விமானம் வேறு. ஆனாலும் அதே வகை, அதே இயந்திரம், அதே சத்தம்.

என் மனக்குறை இந்தச் சத்தத்தைப் பற்றியதுதான். உருவத்தைக் கணினியில் ரிவெட் ரிவெட்டாக வரைகிறார்கள். பிறகு ஒலித்தொகுப்பிலிருந்து ஏதோ ஒரு சிறு விமானத்தின் ரீங்காரத்தை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னாவின் குரல் டகோட்டாவின் வாயிலிருந்து வருகிறது.

டகோட்டாவின் இயந்திரம் பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் ட்வின் வாஸ்ப். 14 சிலிண்டர்கள், 1,200 குதிரைத்திறன். சிலிண்டர்கள் வட்டமாக, பூவிதழ்போல் விரிந்திருக்கும். வட்டத்துக்கு ஏழு வீதம் முன்னும் பின்னுமாக இரண்டு வட்டம். இந்த வகை இயந்திரத்தில் ஒரு வட்டத்தில் இருக்கும் சிலிண்டர்களின் எண்ணிக்கை ஐந்து, ஏழு, ஒன்பது என்று எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். ஏன் ஆறோ எட்டோ இல்லை?

ஏழு பேரப்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி நடுவில் சுற்றிச் சுற்றி வந்து கடலை உருண்டை கொடுக்கிறாள். ஒரு பிள்ளை வாங்கியதை மென்று, விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாய் திறக்கப் பாட்டி இரண்டு சுற்று வரவேண்டும். உறிஞ்சல், அமுக்கல், வெடிப்பு, வெளியேற்றல் என்ற நான்கு வீச்சுக்கும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுழல்கிற கணக்கு அது. கைநிறையக் கொடுத்துவிட்டு அடுத்த சுற்றில் கையை ஆட்டிக்கொண்டு போனால் இயந்திரம் குலுங்கும். ஆகவே பாட்டி ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுக்கிறாள்: 1, 3, 5, 7. ஏழாம் பிள்ளைக்கு அடுத்து உட்கார்ந்திருப்பது முதல் பிள்ளை; அவன் வாயில் இன்னும் உருண்டை. அவனைத் தாண்டினால் 2, 4, 6. ஆறுக்குப் பிறகு ஏழைத் தாண்டினால் மறுபடி 1. அவன் சரியாக வாய் திறந்து காத்திருக்கிறான். இரண்டு சுற்றில் ஏழு பேருக்கும், தாளம் ஒரு இடத்திலும் தப்பாமல்! எட்டுப் பிள்ளைகளை உட்கார வையுங்கள்: 1, 3, 5, 7, உடனே மறுபடி 1. அவன் மென்றுகொண்டிருக்கிறான், 2, 4, 6, 8 நால்வரும் ஏங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ட்வின் வாஸ்ப்பில் இதே வீட்டின் பின்கட்டில் இன்னொரு வட்டம், இன்னொரு பாட்டி. முன்கட்டுப் பாட்டிக்கு நேரெதிர்த் திசையில் முகம் வைத்துச் சுற்றுகிறாள்; இங்கே ஒரு உருண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே அங்கே ஒன்று விழுகிறது. வட்டத்தின் அடியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு ஒரு தொந்தரவு உண்டு: இரவெல்லாம் எண்ணெய் கசிந்து அவர்கள் தலையில்தான் இறங்கும். அதனால்தான் காலையில் கிளப்பும் முன் ஆள் நின்று புரொபெல்லரைக் கையால் சில தடவை சுற்றிவிடுவார். கிளப்பியதும் தேங்கிய எண்ணெய் எரிந்து நீலம் கலந்த வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். நடிகர் பொத்தானைத் தட்டியதும் புகையே இல்லாமல் டகோட்டா கிளம்பும் காட்சி வந்தால் நம்பாதீர்கள்.

இனி கணக்கைக் கேளுங்கள். பறக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,050 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு ஏழு வெடிப்பு. வினாடிக்குச் சுமார் 240. புரொபெல்லரை அதே வேகத்தில் சுழலவிடுவதில்லை. நடுவில் பல்சக்கரம் வைத்து 16க்கு 9 என்று குறைக்கிறார்கள். புரொபெல்லரின் மூன்று அலகுகள் சேர்ந்து வினாடிக்கு 58 தடவை காற்றை அறைகின்றன. அடியில் 58 என்ற கனத்த சுருதி, மேலே 240 என்ற உறுமல். செஸ்னா 172ஐப் பாருங்கள். நான்கு சிலிண்டர், இரண்டு அலகு, நடுவில் பல்சக்கரம் இல்லை. 2,400 சுற்றில் வெடிப்பும் வினாடிக்கு 80, அலகு வீச்சும் வினாடிக்கு 80. இரண்டும் ஒரே சுருதியில் ஒட்டிக்கொண்டு ஒற்றை ரீங்காரமாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. டகோட்டாவுக்கு இயந்திரங்கள் இரண்டு. அவை சரிசமமாகச் சுழல்வது அபூர்வம். ஒன்று மற்றதைவிட 20 சுற்று கூடினால் போதும், இரண்டு சத்தமும் சேர்ந்து பெருகி, பிறகு அடங்கி, ஏறக்குறைய இரண்டு வினாடிக்கு ஒருமுறை ‘வூம்... வூம்...’ என்று அலையடிக்கும். இயற்பியல் பாடத்தில் படித்த விம்மல் இதுதான். அந்தக் கால விமானிகள் காதை வைத்தே அதைக் கேட்டு, நெம்புகோலைத் துளித் துளியாக நகர்த்தி அலையை அடக்குவார்கள். தொடரில் அந்த அலை ஒரு தடவை கேட்டால் போதும், ஒலிப்பதிவாளர் வேலை தெரிந்தவர் என்று நான் மனதாரப் பாராட்டுவேன்.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1910இல் சென்னையில் ஹோட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் பல்லாவரத்தில் விமானம் பறக்கவிட்டார். 1932இல் டாடாவின் தபாலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். பிறகு ஜப்பானியப் பயம்; சோழவரம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், கயத்தாறு என்று ஓடுதளங்கள் முளைத்தன. புழல் ஏரியில் கேடலினா கடல்விமானங்கள் இறங்கின. பரங்கிமலையிலிருந்து லிபரேட்டர்கள் கிளம்பின.

கவனியுங்கள்: கேடலினா, லிபரேட்டர், டகோட்டா மூன்றுமே ட்வின் வாஸ்ப் குடும்பம். லிபரேட்டரில் நான்கு இயந்திரமும் டர்போவும் சேர்வதால் குரல் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

ஆகவே வாசகரின் முதல் கேள்விக்குப் பதில்: கதை 1943க்குப் பிறகு நடந்தால் டகோட்டாவைக் காட்டலாம். ஆளும் சாமானும் ஏற்றி எந்தத் தளத்திலும் இறங்கிய விமானம் அது. ஆனால் உடம்பில் பிரிட்டிஷ் வட்டச் சின்னம் வரையும்போது நடுவில் சிவப்புப் பொட்டு வைத்துவிடக் கூடாது. ஜப்பானியச் சூரியன் என்று எண்ணித் தம் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்பதால், இந்தியா, பர்மா பக்கம் சிவப்பை எடுத்துவிட்டு நீலம் மட்டும் வைத்திருந்தார்கள். ஓடுதளத்துக்குப் பின்னால் கல்வராயன் மலையைச் சுவர்போல் எழுப்பவும் கணினிக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். மலையடிவாரம் உளுந்தூர்பேட்டைக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். தெளிந்த நாளில் தெரிந்தாலும், கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலத்தைத் தாண்டாத நீலக் கோடுதான். கள்ளக்குறிச்சிக்காரர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜெட் காலத்துக் கதைகளிலும் காதுக்கு வேலை உண்டு. 1966 ஜனவரி 24 அன்று அணு விஞ்ஞானி ஹோமி பாபா இறந்த ‘கஞ்சன்ஜங்கா’ விமானம் ரோல்ஸ் ராய்ஸ் கான்வே பூட்டிய போயிங் 707. அதில் இயந்திரத்தின் உள்ளே புகாமல் சுற்றிப்போகும் காற்று, உள்ளே புகுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்றைய ஏர்பஸ் நியோக்களில் அது பத்து மடங்குக்கும் மேல். சுற்றிப்போகும் காற்று போர்வையாகிச் சத்தத்தை அமுக்குகிறது. பாபாவின் கடைசிப் பயணத்தைக் காட்டுபவர்கள் இன்றைய விமானத்தின் மெல்லிய சீறலை ஒட்டினால் அது தவறு. கான்வே கத்தும்.

தொடர் எடுப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பரசுராமா பறக்கும் நிலையில் இருக்கிறது. அனுமதி கேட்டு, கிளம்புவது, ஓடுவது, தலைக்கு மேல் போவது என்று அதன் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கணினியில் விமானம் வரைய ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக்கூட வராது. கள்ளக்குறிச்சி வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1944இல் எட்டு வயதாக இருந்து உளுந்தூர்பேட்டைக்கு மேல் விமானம் போனதைக் கேட்டவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயது. அப்படி யாராவது உங்கள் தெருவில் இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை இயந்திரம், சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து செல்போனில் பதிந்து வையுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.