பாடசாலையின் அமைவிடம்: மைல் தூரமும் சமூகத் தூரமும்

ஒரு பிரதேசத்திற்குப் புதிய இடைநிலைப் பாடசாலை ஒன்று கிடைக்கவிருக்கின்றது என்ற செய்தி பரவியதும், அதனை எங்கே கட்டுவது என்ற தகராறும் உடன் தொடங்கிவிடுவது நம் நாட்டில் புதுமையன்று. ஓர் ஊரார் மகஜர் அனுப்புவர். அயலூரார் எதிர்மகஜர் அனுப்புவர். கோயில் முன்றிலில் ஒரு கூட்டமும் வாசிகசாலையில் மற்றொரு கூட்டமும் நடைபெறும். பாராளுமன்ற உறுப்பினர் இரு தரப்பாருக்கும் வாக்குறுதி அளித்துச் செல்வார். ஈற்றில் கட்டடம் எழாமலே பணம் திரும்பிப் போவதும் உண்டு. இவற்றையெல்லாம் 'ஊர்ச்சண்டை' என ஒதுக்கிவிடுவது படித்தவர்களின் வழக்கமாக இருந்து வந்துள்ளது. ஆயின் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, பாடசாலையின் அமைவிடம் பற்றிய தகராறு வெறும் ஊர்ப்பற்றின் விளைவன்று என்பதும், கல்வி யாருக்கு உரியது என்ற பெரிய வினாவே அங்கு காணி, தெரு, தூரம் ஆகியவற்றின் மொழியிற் பேசப்படுகின்றது என்பதும் புலனாகும். இதனை நமது கல்வி வரலாற்றிலிருந்து சில எடுத்துக்காட்டுகள் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தகராறின் வடிவம்

ஆரம்பப் பாடசாலை பற்றி இத்துணைத் தகராறு எழுவதில்லை. சிற்றூர் ஒவ்வொன்றும் தனக்கென ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். இடைநிலைப் பாடசாலையோ பல ஊர்களுக்குப் பொதுவானது. விஞ்ஞான ஆய்வுகூடம், நூலகம், பாடவாரியாகப் பயிற்றப்பட்ட ஆசிரியர் ஆகியன வேண்டுமாயின் குறிப்பிட்ட தொகை மாணவர் ஓரிடத்திற் சேர்தல் அவசியம். எனவே ஓர் ஊருக்குக் கிடைப்பது மற்றோர் ஊருக்குக் கிடையாது போகின்றது. பாடசாலை வரும் ஊருக்குத் தெரு வரும், பஸ் வரும், கடை வரும், காணியின் விலை உயரும், ஆசிரியர் குடியிருக்க வருவர். அயலில் ஏற்கெனவே உள்ள சிறு பாடசாலையோ மாணவரை இழக்கும். மாணவர் குறைய ஆசிரியர் தொகை குறையும். அது குறையப் பாடசாலையின் தரமும் இறங்கும்.

இத்தகைய தகராறுகளில் வழக்கமாக முன்வைக்கப்படும் நியாயங்கள் நான்கு: காணி இலவசமாகக் கிடைக்கின்றது என்பது ஒன்று, தெருவோரமாக உள்ளது என்பது மற்றொன்று, சனத்தொகையின் நடுவில் உள்ளது என்பது மூன்றாவது, பழைய பாடசாலை அங்கேயே உள்ளமையால் அதனைத் தரமுயர்த்தலாம் என்பது நான்காவது. நான்கும் பார்வைக்கு நியாயமானவையே. ஆயின் இலவசமாகக் காணி கொடுக்கக்கூடியவர் யார்? தெருவோரக் காணி யாருடையது? பழைய பாடசாலை யாருடைய வளவின் அயலிற் கட்டப்பட்டது? இவ்வினாக்களைத் தொடுத்ததும், நான்கு நியாயங்களும் பெரும்பாலும் நிலம் உடையோர் பக்கமே சாய்வதைக் காணலாம். நன்கொடையாகக் கிடைக்கும் காணிக்கு அரசாங்கம் விலை கொடுப்பதில்லை என்பது உண்மையே. அந்த விலையைக் காணியற்ற வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் நடந்து தீர்க்கின்றனர்.

மைல் கணக்கும் மதப் போட்டியும்

தூரத்தை அளவுகோலாகக் கொண்டால் பக்கச்சார்பு நீங்கிவிடும் என்று கருதுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிஷனரிமார் தத்தமக்குரிய நிலையங்களை நிறுவிவிட்டனர். அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும் 1824 இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கிற்று. வெஸ்லியன் மிஷன் யாழ்ப்பாணப் பட்டினத்திலும் பருத்தித்துறையிலும், இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் நல்லூர், சுண்டிக்குளி ஆகிய இடங்களிலும் வேரூன்றின. 1867 இல் வெளிவந்த மோர்கன் குழு அறிக்கையின் பின்னர், 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டு, தனியார் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கும் முறை விரிவு பெற்றது. அதனையடுத்து, ஏற்கெனவே உள்ள பாடசாலைக்குக் குறிப்பிட்ட தூரத்தினுள் எழும் புதிய பாடசாலைக்கு உதவி இல்லை என்ற விதி வந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் அவ்வெல்லை மூன்று மைலாகவும், 1890 களின் தொடக்கத்திற் கால் மைலாகவும் பேசப்பட்டது.

வீண் போட்டியைத் தவிர்ப்பதே இவ்விதியின் வெளிப்படையான நோக்கம். ஆயின் முந்தி வந்தோர் தக்க இடங்களைப் பிடித்துவிட்ட நிலையில், பிந்தி வந்த சைவரையும் பௌத்தரையுமே அது தாக்கிற்று. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதற்கு அரச நன்கொடை கிடைக்க 1870 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1872 இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பணமுட்டுப்பாட்டினால் 1876 இல் மூடப்பட்டது. ஊரிற் பாடசாலை இல்லாமையன்று அவர் எதிர்நோக்கிய சிக்கல். இருந்த பாடசாலையுள் நுழையத் தம் சமயத்தை வாயிலில் விட்டுச் செல்ல வேண்டுமோ என்ற அச்சமே சிக்கலாக இருந்தது. மைல் கணக்கு இந்த அச்சத்தை அளக்கவில்லை.

அருகிருந்தும் எட்டாத பாடசாலை

சைவப் பாடசாலைகள் பெருகியதும் சிக்கல் தீர்ந்துவிட்டதா எனின், அதுவும் இல்லை. அந்நியருடைய கதவடைப்பை எதிர்த்தோரே தம் சமூகத்தினுள் மற்றொரு கதவை அடைத்து வைத்திருந்தனர். சாதியமைப்பினால் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரத்திற் பாடசாலை இருந்தும் அனுமதி இருக்கவில்லை. அனுமதி கிடைத்த இடத்தும் சரியாசனம் இருக்கவில்லை. அரச உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்ற பணிப்பு 1929-30 காலப்பகுதியில் நடைமுறைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற முற்போக்குச் சக்திகள் சம ஆசனத்திற்காகக் குரல் கொடுத்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இச்சூழலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே தம் குடியிருப்புகளிற் பாடசாலை அமைக்க முற்பட்டனர். வடமராட்சியிலே சூரன் என்பார் 1914 இல் தொடக்கிய சைவ வித்தியாசாலை பின்னர் தேவரையாளி இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் அதன் தலைவருள் ஒருவரான எம். சி. சுப்பிரமணியமும் 1950 களில் இத்தகைய கிராமங்களுக்குப் பாடசாலைகளைப் பெற்றுக்கொடுப்பதில் முன்னின்றனர். 'பக்கத்திலே பாடசாலை இருக்க இன்னொன்று எதற்கு?' என்று அப்போது கேட்டவர் தூரத்தை மட்டுமே அறிந்தவர். ஒழுங்கையின் அந்தப் பக்கம் இருந்த பாடசாலை அப்பிள்ளைகளைப் பொறுத்தவரை அயல்நாட்டில் இருந்ததற்கு ஒப்பாகும். எனினும் தனிப் பாடசாலை ஒரு தற்காப்பேயன்றி முடிந்த தீர்வன்று. பிரிவினையை ஏற்றுக்கொண்டு அமைக்கப்படும் பாடசாலை, அப்பிரிவினையை நிலைநிறுத்தவும் கூடும் என்பதை மறத்தலாகாது.

மத்திய பாடசாலைகள்

அமைவிடத்தைச் சமூக நீதியின் கருவியாகப் பயன்படுத்திய பெருமுயற்சி, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாக இருந்த காலத்து மத்திய பாடசாலைத் திட்டமாகும். அதுவரை தரமான ஆங்கிலக் கல்வி கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் முதலிய பட்டினங்களில், கட்டணம் கட்ட வல்லோருக்கே கிட்டியது. 1940 களில் நாட்டின் கிராமப்புறங்களில் 54 மத்திய பாடசாலைகள் படிப்படியாக எழுந்தன. தேர்தற்றொகுதிக்கு ஒன்று என்ற இலக்கும், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும், விடுதி வசதியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமை இதற்கு மேலும் வலுவூட்டிற்று. தமிழ்ப் பகுதிகளில் வேலணை, வந்தாறுமூலை ஆகிய இடங்களில் அமைந்தவை இவ்வகையின. மட்டக்களப்பு நகரை விடுத்து வயலும் சிற்றூரும் சூழ்ந்த வந்தாறுமூலையைத் தேர்ந்தமை எத்துணைத் தொலைநோக்குடையது என்பதைப் பிற்கால வரலாறு காட்டிற்று. அப்பாடசாலை வளாகத்திலேதான் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது விடுதியின் பங்கு. நடக்கும் தூரத்தினுள் ஒருவருக்குப் பாடசாலை கிடையாவிடினும், தங்கிப் படிக்க இடம் கிடைத்தால் அமைவிடத் தகராறின் கூர்மை மழுங்கிவிடுகின்றது. விடுதி நலிவுற்ற இடங்களிற் பழைய தகராறு மீண்டும் தலைதூக்கும். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசுடைமையான பின்னர், தகராறின் களம் மிஷன் மேலாளரின் அறையிலிருந்து கல்வித் திணைக்களத்திற்கும் பாராளுமன்ற உறுப்பினரின் வாசலுக்கும் மாறிற்று. இதனால் வாக்கு உடையோரின் குரல் ஓங்கிற்று. வாக்கு அற்றோரின் நிலை யாது?

வாக்கும் காணியும் அற்றோர்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் நிலை இதற்கு விடையாகும். 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட கல்வி எங்கே என்ற வினாவே எழவில்லை. மலையில் கைகள் தேவைப்பட்டன. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் அம்மக்கள் வாக்குரிமையையும் இழந்தனர். தேர்தற்றொகுதிகளை வகுக்கையில் அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன, வாக்கெடுப்பில் எண்ணப்படவில்லை. இந்நிலையில் 'தொகுதிக்கு ஒரு பாடசாலை' என்ற சிறந்த கொள்கையும் அவர்களைத் தாண்டிச் சென்றது வியப்பன்று.

தோட்டப் பாடசாலைகள் 1970 களின் பிற்பகுதி முதலே அரசின் பொறுப்பில் படிப்படியாக வந்தன. பின்னர் சுவீடன் முதலிய நாடுகளின் உதவியுடன் கட்டடங்கள் பல எழுந்தன. வாக்குரிமையும் மீண்டது. ஆயினும் காணி தொழிலாளருக்கு உரியதாகவில்லை. 1992 முதல் தனியார் கம்பனிகளின் முகாமையிற் சென்ற தோட்டங்களிற் பாடசாலையை விரிப்பதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டுமாயினும் நிர்வாகத்தின் இசைவு வேண்டும். தேயிலை நன்கு விளையும் மட்டமான நிலத்தை எவர் மனமுவந்து கொடுப்பர்? இதற்கிடையில், பாடசாலை மேற்கணக்கிலா கீழ்க்கணக்கிலா என்று தொழிலாளரே தமக்குள் பிணங்குவதும் உண்டு. ஏறியும் இறங்கியும் நான்கு மைல் நடக்கும் பிள்ளையின் தாய்க்கு அப்பிணக்கு அற்பமானதன்று. ஆயின் இரு கணக்கினரும் கேட்டுப் பெறும் நிலத்திற்காகவே முரண்பட்டு நிற்க, நிலத்தை வைத்திருப்போர் தகராறுக்கு வெளியே நின்றுவிடுகின்றனர் என்பதே உண்மை.

அளவுகோலை மாற்றுதல்

அவ்வாறாயின் அமைவிடத்தை எவ்வாறு தீர்மானிப்பது? வரைபடத்தின் நடுப்புள்ளியிலிருந்து அன்றி, அதன் கடைக்கோடியிலிருந்து கணக்கைத் தொடங்குதல் வேண்டும். மிகத் தொலைவில் உள்ள வீட்டுப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, மாரிகாலத்தில் எவ்வழியாக வருவாள், பொழுதுசாய முன்னர் வீடு திரும்புவாளா என்பது முதல் வினா. நடுப்புள்ளியிற் கட்டிய பாடசாலைக்கு எட்டாம் வகுப்புடன் அவள் வாராது நின்றால் அந்தச் சராசரித் தூரத்தினால் யாருக்கு என்ன பயன்? அப்பாடசாலையில் யாருடைய பிள்ளை தயக்கமின்றி உள்நுழையும் என்பது இரண்டாவது. நன்கொடைக் காணி கிடைத்த இடத்திற் கட்டாமல், தக்க இடத்திற் காணியைப் பெறுதல் மூன்றாவது. 1950 ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டம் பொதுத் தேவைக்கு அதற்கு வழிசெய்கின்றது. பஸ் வண்டியையும் விடுதியையும் கட்டடத்தோடு சேர்த்தே திட்டமிடுதல் நான்காவது.

இவ்வாறு செய்தாலும் தகராறு முற்றாக ஒழிந்துவிடாது. ஒழிய வேண்டும் என்பதும் இல்லை. மகஜரிற் கையொப்பமிடும் தந்தை தன் பிள்ளை படிக்க வேண்டும் என்ற உரிமையை வலியுறுத்துகின்றான். அது முன்னேற்றத்தின் அறிகுறியே. கவலைக்குரியது அந்த மகஜர் அன்று. எக்காலத்தும் மகஜர் எழுதாத லயன்களினதும் குடிசைகளினதும் மௌனமே. பாடசாலைக்கு இடம் தேடிச் செல்லும் அதிகாரியும் அறிஞரும் முதலிற் செவிகொடுக்க வேண்டியது அந்த மௌனத்திற்கே.