பன்றி விரட்டும் பெட்டி ஊமையான இரவு

காலை ஆறு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்று கூப்பிட்டார். "நேத்து ராத்திரி உங்க பொட்டி கத்தவே இல்லீங்ளேண்ணா. வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். அவருடைய நிலக்கடலையில் பத்து சென்ட் அளவுக்கு உழுது போட்ட மாதிரி கிடந்தது. என் பக்கம் இரண்டு பாத்தி. காய் பிடிக்கிற பருவம், பன்றிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

"பொட்டிய நம்பிக்கிட்டு இருக்க முடியாதுங்ணா. லைன்ல இருந்து ஒரு கம்பிய இழுத்து விட்டுடறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கம்பிக்குப் பன்றி எது, அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆள் எது என்று தெரியாது. "ரெண்டு நாள் பொறுங்க, சரி பண்றேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

பெட்டி என்றால் பெரிய விஷயமில்லை. 12 வோல்ட் பேட்டரி, ஒரு ஹார்ன் ஸ்பீக்கர், நாய்க் குரைப்பும் புலி உறுமலும் பதிந்த மெமரி கார்டு, வீட்டிலிருந்தே அமுக்க ஒரு ரிமோட். வெளிநாடுகளில் வேட்டைக்காரர்கள் இதே மாதிரிக் கருவியில் முயல் அலறுகிற சத்தத்தைப் போட்டு நரியைக் கிட்டே வரவழைக்கிறார்கள். நமக்கு வேலை நேர் எதிர்.

உடனே கழற்றி டவுனுக்குத் தூக்கிப் போகத்தான் கை பரபரத்தது. அதற்கு முன்னால் பெட்டியில் இருக்கிற பொத்தானையே அமுக்கிப் பார்த்தேன். புலி உறுமியது! இந்த ஒரு சோதனையைத்தான் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும். பெட்டிப் பொத்தானுக்குச் சத்தம் வந்தால் பேட்டரி, ஃபியூஸ், கார்டு, ஸ்பீக்கர் நான்கும் நலம். கோளாறு ரிமோட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில்.

அங்கேயும் சத்தம் வராமல் போனால் மல்டிமீட்டரை எடுங்கள். நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. சோலார் தகட்டின் தூசியைத் துடையுங்கள். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, சத்தம் போட்டதும் 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, அல்லது முனையில் பச்சை பூத்திருக்கிறது. முனையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஹார்னுக்குள் குளவி மண்கூடு கட்டினாலும் சத்தம் அமுங்கிப்போகும். எனக்கு ஒரு முறை ஆகியிருக்கிறது. எலி கடித்த வயரைச் சொல்லவே வேண்டாம்.

என் கோளாறு ரிமோட் வழியில். புது பேட்டரி போட்டேன். ரிமோட்டில் விளக்கு எரிகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது, செல் பலவீனமானாலும் விளக்கு எரியும், தூரம்தான் குறையும். பத்தடியில் நின்று அமுக்கினால் வேலை செய்தது. வீட்டுத் திண்ணையிலிருந்து, அதாவது 150 மீட்டரில், ஒன்றுமில்லை. நடுவில் ஆள் உயரம் வளர்ந்த மக்காச்சோளத்தின் மேல் பழியைப் போட்டேன். ஈரப் பயிர் அலையைக் கொஞ்சம் உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் சோளம் ஒரே நாளில் வளரவில்லையே?

முப்பது வருடம் வங்கியில் இருந்தவன். மாலையில் கணக்கு இடித்தால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குப் போய், அதற்குப் பிறகு என்ன மாறியது என்று பார்ப்போம். அப்படி யோசித்தபோதுதான் உறைத்தது. மழைக்கும் திருட்டுக்கும் பயந்து, முந்தின நாள் நானே பெட்டியை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன், ஹார்னை மட்டும் வெளியே விட்டு. ஏரியல் வயர் உள்ளே சுருண்டு கிடந்தது. இரும்புக்குள் ரேடியோ அலை எப்படிப் போகும்? கள்ளனுக்குப் போட்ட பூட்டு ரிமோட்டையும் வெளியே நிறுத்திவிட்டது.

இரும்பை எடுத்துவிட்டு, காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து மூடினேன். ஏரியலைச் சுருட்டாமல் நேராகத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் எட்டடிக் கம்பத்தில் ஏற்றினேன். என் ரிமோட் 433 மெகாஹெர்ட்ஸ். அதற்கு ஏரியல் சுமார் 17 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள். அன்று சாயங்காலம் திண்ணையிலிருந்து அமுக்கினேன். முதலில் குரைத்தது பக்கத்துத் தோட்டத்து நாய்.

இன்னொன்று. பெட்டி நன்றாகக் கத்தியும் பன்றி வந்தால் அது கருவியின் கோளாறு இல்லை, பன்றி பழகிவிட்டது. ஒரே இடத்தில், ஒரே மணிக்கு, ஒரே உறுமலைக் கேட்டால் சில நாளில் அதற்கு விஷயம் புரிந்துவிடும். நான் மூன்று நாளுக்கு ஒரு தடவை கம்பத்தை இடம் மாற்றுகிறேன், சத்தத்தையும் மாற்றுகிறேன். கண்ணில் பட்டால் மட்டும் அமுக்குகிறேன். ரிமோட் வாங்கியதே அதற்குத்தான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கி வைத்த கம்பிச் சுருள் இன்னும் மோட்டார் ரூமில்தான் இருக்கிறது. கடலை பிடுங்கும்வரை பார்க்கலாம் என்றிருக்கிறார். இன்னும் 25 நாள். இரண்டாவது ரிமோட் ஒன்றைப் பழக்கி அவர் கையிலும் கொடுத்திருக்கிறேன்.