ஊட்டிக்கு 1012 எங்கிருந்து வந்தது?

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் நவம்பர் 15 என்றுதான் பெரும்பாலான ஆண்டுகளில் அறிவிப்பு வருகிறது. பிறகு நீட்டிப்பதும் உண்டு. அந்தத் தேதி நெருங்கும்போது டெல்டா வாசகர்களின் கடிதங்கள் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: “வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். கைப்பேசியில் பார்க்கும் வானிலை வரைபடத்திலோ ஒரு வளையம்கூட இல்லை. எதை நம்பி முடிவெடுப்பது?”

நீலகிரி வாசகர் ஒருவரின் குழப்பம் வேறு. அவருடைய கைப்பேசியில் அழுத்தமானி இருக்கிறது. அது 778 ஹெக்டோபாஸ்கல் காட்டுகிறது. அதே கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து ஊட்டியின் மேல் விரலை வைத்தால் 1012. “இரண்டில் எது பொய்?” என்று கேட்டிருக்கிறார்.

நீலகிரிக்காரருக்கே முதலில் பதில் சொல்கிறேன். டெல்டாக்காரர்களின் கேள்விக்குப் பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

778 அளந்த எண். 1012 கணக்குப் போட்டு எடுத்த எண். ஊட்டியில் எந்தக் கருவியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் 1012 கிடைக்காது.

அப்படியானால் ஏன் அந்த எண்ணைப் போடுகிறார்கள்? கடற்கரையிலிருந்து மேலே போகப் போக, ஏறத்தாழ எட்டு மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் வீதம் அழுத்தம் குறைகிறது. சென்னையில் 1010 இருக்கும் நாளில் பெங்களூருவில் 910-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஊட்டியில் 780-க்குக் கீழே. அளந்த எண்களை அப்படியே இணைத்துக் கோடு இழுத்தால் நீலகிரி, பழனிமலை, தக்காணப் பீடபூமி எல்லாம் தங்கள் உயரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். வானிலையால் வரும் ஏற்ற இறக்கம் சில ஹெக்டோபாஸ்கல்தான். மலையால் வரும் வேறுபாடு நூற்றுக்கணக்கில். சிறியது பெரியதில் மூழ்கிப்போகும்.

இதற்கு வானிலையாளர்கள் கண்ட வழி துணிச்சலானது. ஊட்டிக்குக் கீழே இருக்கும் 2,240 மீட்டர் பாறையையும் மண்ணையும் எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த இடம் முழுக்கக் காற்று நிரம்பியிருப்பதாகக் கொண்டு, அந்தக் காற்றின் எடையை ஊட்டியில் அளந்த அழுத்தத்தோடு கூட்டுகிறார்கள். வந்த தொகைக்குப் பெயர் கடல்மட்ட அழுத்தம்.

காற்றின் எடை அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. குளிர்ந்த காற்று கனமானது, சூடான காற்று இலேசானது. மலைக்குள் இல்லாத காற்றின் வெப்பநிலையை யார் அளப்பது? ஊட்டியில் இப்போது இருக்கும் வெப்பநிலையை எடுத்துக்கொண்டு, கீழே இறங்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் கூடும் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கமான முறைகளில் ஒன்று. ஊட்டியில் 15 டிகிரி என்றால் கற்பனைக் காற்றின் அடிவாரத்தில் சுமார் 29.6 டிகிரி வரும்.

என்னைத் தொந்தரவு செய்யும் இடம் இதுதான். கற்பனைக் காற்றின் சராசரி வெப்பநிலையை ஒரே ஒரு டிகிரி மாற்றிப் போட்டாலும் ஊட்டியின் ‘கடல்மட்ட அழுத்தம்’ சுமார் 0.9 ஹெக்டோபாஸ்கல் மாறிவிடுகிறது. உறைபனி கொட்டும் ஜனவரிக் காலையில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். அன்று மதியமே 20 டிகிரியைத் தொடவும் கூடும். இந்த வேறுபாட்டை அப்படியே சூத்திரத்தில் போட்டால், ஊட்டியின் உண்மையான அழுத்தம் அசையாதபோதும் வரைபட எண் 15 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் ஆடும். ஒரு தாழ்வு மண்டலத்தின் மொத்த ஆழமே அவ்வளவு இருக்காது! இந்த ஆட்டத்தை அடக்க, இப்போதைய வெப்பநிலையையும் 12 மணி நேரத்துக்கு முந்தைய வெப்பநிலையையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் பழக்கம் சில நாடுகளில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஓர் ஊகத்தை இன்னோர் ஊகத்தால் சரிசெய்வதுதான் அங்கே நடக்கிறது.

“சம அழுத்தமுள்ள இடங்களை இணைக்கும் கோடு” என்றே வரைபடத்தின் சமஅழுத்தக் கோட்டை நம்மில் பலர் படித்திருக்கிறோம். கடலின் மேல் அந்த வரையறை உண்மை. நாகப்பட்டினத்தில் உண்மை. நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் மதுரையிலும் பிழை ஒன்றும் பெரிதில்லை. ஊட்டியில் அது தவறு. ‘மலை இல்லாதிருந்தால் அழுத்தம் சமமாக இருந்திருக்கும் என்று கணக்கு சொல்லும் இடங்களை இணைக்கும் கோடு’ என்று எழுதினால்தான் சரியாகும். அவ்வளவு நீளமாக எழுத யாருக்கும் மனம் வரவில்லை போலும். ஆனால் வாசகர் குழம்புவது அந்த விடுபட்ட பாதியில்தான்.

வானிலை நிலையங்களுக்கு இது தெரியும். உலகம் முழுவதும் அவை தகவல் அனுப்பும் குறியீட்டில் நிலையத்தில் அளந்த அழுத்தத்துக்கு ஓர் இடமும், கடல்மட்ட அழுத்தத்துக்கு ஓர் இடமும் உண்டு. நம்பத்தகுந்தபடி கடல்மட்டத்துக்கு மாற்ற முடியாத உயரமான நிலையங்கள் அந்த இரண்டாம் எண்ணைத் தருவதில்லை. 850 அல்லது 700 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை அங்கே எழுதுகின்றன. நேர்மையான வழக்கம் அது.

இணைய வரைபடங்களில் அந்தத் தயக்கம் இல்லை. அவை நிலையங்களின் அளவுகளை இணைத்து வரைந்தவை அல்ல. கணினி மாதிரிகளின் கணிப்பை வரைந்தவை. மாதிரி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுத்துவிடும், அது திபெத்தாக இருந்தாலும். அங்கே நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் பாறையைக் காற்றாக மாற்ற வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் ஏறத்தாழ 2 ஹெக்டோபாஸ்கல் பிசகும். இமயத்துக்கு வடக்கே கோடுகள் சிக்குப் பிடித்த நூல்போலக் கிடப்பது அதனால்தான். எந்த முறையில் மாற்றுவது என்பதிலும் ஒருமித்த கருத்து கிடையாது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி ஒரே கணிப்புக்கு இரண்டு விதமான கடல்மட்ட அழுத்தத்தைத் தனித்தனியே வெளியிடுகிறது. எதை எடுத்து வரைந்திருக்கிறார்கள் என்பது வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

கோடுகள் அழகாக இல்லை என்று பயனர்கள் முறையிட்டால் வரைபடக்காரர்கள் அவற்றை மழுப்பி வளைக்கிறார்கள். மலையின் மேல் அதனால் நட்டமில்லை, அங்கே இருப்பது எப்படியும் ஊகம்தான். அதே மழுப்பல் கடலின் மேலும் ஓடும்போதுதான் எனக்குக் கவலை. சிறிய, இறுக்கமான புயலின் மையம் சற்றே நிரவப்பட்டு, உள்ளதைவிட ஆழம் குறைந்ததாகத் தெரியும். திபெத்தின் சிக்கைத் தீர்க்கப் போய் வங்கக் கடலின் உண்மையைத் தேய்ப்பது என்ன நியாயம்?

இனி டெல்டாவுக்கு வருவோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2 ஹெக்டோபாஸ்கல் இடைவெளியில் கோடு போடுகிறது. அந்தக் கணக்கில் மூடிய வளையம் ஒன்று இருந்தால் தாழ்வுப் பகுதி, இரண்டு இருந்தால் தாழ்வு மண்டலம், மூன்று இருந்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், நான்கும் அதற்கு மேலும் என்றால் புயல். கடலில் காற்றின் வேகமே முதன்மையான அளவுகோல்: மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். ஐரோப்பாவில் வழக்கம் 4 ஹெக்டோபாஸ்கல் இடைவெளி. அங்கே அது போதும். அவர்களுடைய தாழ்வுகள் ஆழமானவை. அதே இடைவெளியில் வரையும் வரைபடத்தில் 1008-க்கு ஒரு கோடு, 1012-க்கு ஒரு கோடு. நம் தாழ்வுப் பகுதியின் மையத்தில் 1009 இருந்து சுற்றிலும் 1011 இருந்தால் அது இரண்டு கோடுகளுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும். உங்கள் செயலியின் அமைப்புகளில் இடைவெளியை 2 ஆகவோ 1 ஆகவோ மாற்ற வழி இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

அதிகாரபூர்வப் பெயர்களையும் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவை காற்றின் தரவரிசை. மழைக்கும் அவற்றுக்கும் நேரடிக் கணக்கு இல்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், புயல்களில் கடைசிப் படியில் இருந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தபோது புயலே இல்லை. ‘வலுவிழந்தது’ என்று அறிக்கை சொன்னால் காற்று வலுவிழந்தது என்று மட்டும் படியுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மாலை 4 மணிக்குத் தெரிந்த வளையம் இரவு 10 மணிக்கு ஏன் மறைந்தது? வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இரு முறை, 10 மணிகளில் ஏறி 4 மணிகளில் இறங்கும், 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு; ஆகவே நேற்றைய இதே நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

காற்று கோட்டை ஒட்டி வீசவில்லையே? நிலநடுக்கோட்டுக்கு அருகே பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை குறைவு. கோட்டை வெட்டிக்கொண்டு வீசுவது இங்கே இயல்பு.

ஹெக்டோபாஸ்கலும் மில்லிபாரும் ஒன்றா? ஒன்றே.

இரண்டு செயலிகளில் மையம் வேறு வேறு இடத்தில் இருக்கிறதே? மாதிரிகள் வேறு.

வரைபடம் காட்டுவது இந்த நிமிட நிலையா? சில மணி நேரம் முன்பு தொடங்கிய கணிப்பு. ஜிஎஃப்எஸ் நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது.

கோடு எதுவும் இல்லையென்றால் காப்பீட்டைத் தள்ளிப்போடலாமா? வேண்டாம், சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கஜா புயல் 2018 நவம்பர் 15 நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு, நவம்பர் 8 அன்று, அது தாய்லாந்து வளைகுடாப் பக்கம் வெறும் தாழ்வுப் பகுதியாக இருந்தது.