நூறு பேரோடு ஒருவர் மோதும் சண்டை!
ஜப்பானியக் கராத்தேயில் கடும் சோதனை

ஓசூர்ப் பக்கத்தில் ஜவளகிரிக் காடு இருக்கிறது. யானைகள் நடமாடும் காடு. அங்கே ஓர் இரவு தன்னந்தனியாகத் தங்கச் சொன்னால் எத்தனை பேர் துணிவார்கள்?

ஜப்பானில் ஒரு வாலிபர் ஓர் இரவு அல்ல, மாதக்கணக்கில் மலைக்காட்டில் இருந்தார். கராத்தே பழகுவதற்காக!

அவர் பெயர் மாசுதாட்சு ஒயாமா. பிறந்தது கொரியாவில், 1923-ம் ஆண்டு. விமானம் ஓட்ட வேண்டும் என்ற ஆசையோடு 1938-ல் ஜப்பானுக்கு வந்தார். உலகப் போரில் ஜப்பான் தோற்றது. விமானக் கனவும் போயிற்று. மனம் உடைந்திருந்த அவர், பழைய வாள் வீரர் முசாஷியின் கதையைப் படித்தார். அவரைப் போலத் தனிமையில் பயிற்சி செய்வது என்று முடிவு கட்டினார்.

மினோபு என்ற மலைக்குப் போனார். துணைக்கு ஒரு சீடரும் போனார்.

பாதிப் புருவம்!

ஆறு மாதம் ஆயிற்று. தனிமை தாங்க முடியாமல் சீடர் ஓர் இரவு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார்!

ஒயாமாவுக்கும் ஊர் திரும்ப ஆசை. அப்போது அவருடைய குரு ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். "ஒரு பக்கத்துப் புருவத்தைச் சிரைத்துக்கொள்" என்பதே அது.

ஒற்றைப் புருவத்தோடு யார் ஊருக்குள் தலை காட்டுவார்? வெட்கமே அவரை மலையில் கட்டிப்போட்டது.

விடியுமுன் எழுவார். மலை மீது ஓடுவார். மரத்தைக் கையாலும் காலாலும் அடிப்பார். 14 மாதம் கழிந்ததும், பணம் கொடுத்து உதவியவர் கையை விரித்தார். வேறு வழியின்றி இறங்கி வந்தார். பிறகு கியோசுமி என்ற இன்னொரு மலைக்குப் போய் 18 மாதம் இருந்தார். அங்கே நாள் ஒன்றுக்கு 12 மணி நேரப் பயிற்சி. இதெல்லாம் அவரே பிற்காலத்தில் சொன்ன கதை.

வெறுங்கையால் 52 மாடுகளோடு மோதினார், பல மாடுகளின் கொம்பை முறித்தார் என்றும் சொல்வதுண்டு. எண்ணிப் பார்த்தவர் யாரோ! நம் ஊர் ஜல்லிக்கட்டில் திமிலைத்தான் பிடிப்பார்கள். கொம்பை முறிக்கும் வழக்கம் நமக்கில்லை.

கூடத்தில் என்ன நடக்கிறது?

'கராத்தே' என்றால் வெறுங்கை என்று பொருள். மற்றக் கராத்தே முறைகள் பலவற்றில் குத்து எதிராளியின் மேல் படுமுன் கையை நிறுத்திக்கொள்வார்கள். ஒயாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "அடி விழாவிட்டால், அதன் வலிமை எப்படித் தெரியும்?" என்று நினைத்தார்.

1956-ல் டோக்கியோவில், முன்பு நடனம் சொல்லிக்கொடுத்த கூடம் ஒன்றில் அவருடைய பள்ளி நடந்தது. அங்கே அடி நிஜமாகவே விழுந்தது. சேர்ந்தவர்கள் பலர்; நின்றவர்கள் சிலர்! இந்த முறைக்குக் 'கியோகுஷின்' என்று பெயர். 'இறுதி உண்மை' என்று சொல்லலாம். 1964-ல் இதற்குத் தலைமை நிலையம் அமைந்தது.

கையில் உறை இல்லை. உடம்பில் கவசம் இல்லை. நெஞ்சிலும் வயிற்றிலும் குத்தலாம். தொடையில் உதைக்கலாம். காலால் தலையிலும் உதைக்கலாம். ஆனால் முகத்தில் கையால் குத்தக்கூடாது! உறையில்லாத முஷ்டி முகத்தில் பட்டால் பல்லும் போகும், குத்தியவனின் விரல் எலும்பும் போகும். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு.

அடிபட்டு விழுந்தவர் மூன்று விநாடிக்குள் எழுந்து நின்றால் சண்டை தொடரும். அவரை வீழ்த்தியவருக்கு அரை வெற்றிதான். எழாவிட்டால் முழு வெற்றி. இருவரும் சமமாக நின்றால் கூடுதல் நேரம் தருவார்கள். அதிலும் தீராவிட்டால் எடை பார்ப்பார்கள். எடை மிகவும் குறைந்தவருக்கே வெற்றி! எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், யார் அதிகப் பலகைகளை உடைத்தார் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்தவனை எடுத்த எடுப்பில் யாரும் உதைப்பதில்லை. வெள்ளைக் கச்சையோடு தொடங்குவான். நிற்பது, குத்துவது, தடுப்பது ஆகியவற்றையே ஆயிரம் முறை செய்வான். முஷ்டியைத் தரையில் ஊன்றித் தண்டால் எடுப்பான். குரு எது சொன்னாலும் "ஓஸ்!" என்பான். வணக்கம், சரி, பொறுத்துக்கொள்கிறேன் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். கறுப்புக் கச்சை கிடைக்கப் பல வருஷம் ஆகும்.

நூறு சண்டை!

எல்லாவற்றிலும் பெரிய சோதனை, ஒரே நாளில் நூறு பேரோடு மோதுவது. ஒருவர் போனதும் அடுத்தவர் புதுத் தெம்போடு வருவார். நடுவில் நிற்பவர் ஒருவரேதான். முப்பது, நாற்பது ஆனதும் தொடை வீங்கிவிடும். கையைத் தூக்க முடியாது. ஜெயிப்பதைவிடக் கீழே கிடக்காமல் இருப்பதே பெரும்பாடு.

1965-ல் ஸ்டீவ் ஆர்நீல் என்ற வெள்ளைக்காரர் இதை முடித்தார். 1986-ல் ஜப்பானில் வளர்ந்த அகியோஷி மாட்சுயி முடித்தார். நூறில் 75 வெற்றி, 12 சமம், 13 தோல்வி. தோற்றாலும் விடாமல் நூறு வரை நின்றதுதான் கணக்கு.

இந்தியாவிலும் இந்த முறை பரவியது. இதைப் பரப்பியவர்களில் கொல்கத்தாவைச் சேர்ந்த சிவாஜி கங்குலி முக்கியமானவர்.

ஒயாமா 1994-ல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வாரிசு யார் என்பதில் சீடர்களுக்குள் தகராறு வந்தது. ஒன்றாக இருந்த சங்கம் பல துண்டாயிற்று. எத்தனையோ அடியைத் தாங்கியவர்களால் இதைத் தாங்க முடியவில்லை!

மறு வருஷம், பிரேசில் நாட்டு பிரான்சிஸ்கோ பில்ஹோ நூறு பேர் சோதனையில் நின்றார். மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்தது. 76 வெற்றி, 24 சமம். தோல்வி ஒன்றுகூட இல்லை!

டோக்கியோவில் 1975 முதல் நடந்து வந்த உலகப் போட்டியில் ஜப்பானியரே முதலிடம் பிடித்து வந்தனர். 1999-ல் அந்தப் பட்டத்தையும் பில்ஹோ தட்டிக்கொண்டு போனார்.