பள்ளத்தாக்குப் பாதைகள் – 7: தோற்ற ரயிலின் தடத்தில் குழந்தை வண்டி

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அடங்கும் மேனிஃபோல்ட் பள்ளத்தாக்கு, அதை அடுத்துக் கிடக்கும் டவ்டேல் அளவுக்குப் பெயர் பெற்றதன்று. இரண்டுமே ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறையை ஆறுகள் அறுத்ததால் உண்டானவை. செங்குத்துப் பாறைகளும் குகைகளும் இரண்டிலும் உண்டு. விடுமுறைக் கூட்டம் மட்டும் ஆற்றின் குறுக்கே போடப்பட்ட கற்களின் மேல் தாவிக் கடக்கும் ஆசையில் டவ்டேலுக்கே போகிறது. ஆயினும் கைக்குழந்தையையும் முழங்கால் வலியுள்ள முதியவரையும் கூட்டிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு மேனிஃபோல்டே ஏற்றது. அந்த வசதியைச் செய்து கொடுத்தது இயற்கையன்று, முப்பது ஆண்டுகூட முழுதாக ஓடாமல் நின்றுபோன ஒரு சிறு ரயில் என்பதைப் பயண நூல்கள் போதிய அளவு சொல்வதில்லை.

ஆங்கிலேய நாட்டுப்புறத்தில் நடப்பவர் பெரும்பாலும் தனியார் நிலத்தின் மீதே நடக்கிறார். பயிர் நிலமும் மேய்ச்சல் நிலமும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க, அதன் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உரிமை மட்டும் பொதுமக்களுக்கு உரியதாக இருக்கலாம். இதுவே பொதுவழி உரிமை. தேசியப் பூங்காக்களையும் நாட்டுப்புறத்துக்குள் மக்கள் செல்வதையும் பற்றிய 1949ஆம் ஆண்டுச் சட்டம், இப்பாதைகள் அனைத்தையும் அளந்து அதிகாரபூர்வ வரைபடத்தில் பதியும் கடமையை மாவட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. அச்சட்டத்தின் கீழ்த்தான் 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாகப் பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. நடப்போருக்கு மட்டுமான பாதையை மஞ்சள் அம்புக்குறியும், குதிரையும் சைக்கிளும் போகக்கூடிய பாதையை நீல அம்புக்குறியும் காட்டும்.

உரிமை இருப்பதும் வண்டி போவதும் வேறு வேறு. குழந்தை வண்டி நடப்பவருடன் வழக்கமாக வரும் பொருள்தானா என்ற கேள்வி, மத்தியாஸ் வழக்கு என்று அறியப்படும் வழக்கில் 1861இலேயே நீதிமன்றத்துக்கு வந்தது. அது அவ்வாறான பொருளே என்பதுதான் இன்று பொதுவாக ஏற்கப்படும் கொள்கை. கல்வேலியில் இருக்கும் திறப்புக்கோ இந்தச் சட்டம் தெரியாது. இப்பகுதியின் சுண்ணாம்புக்கல் வேலிகளில் இரண்டு கற்பலகைகளை நெருக்கமாக நட்டு, ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். பல இடங்களில் கீழே முழங்கால் நுழையும் அகலமே இருக்கும். இடுப்புக்கு மேல் சற்றே விரியும். மனிதன் காலை உயர்த்தித் திரும்பி நுழைந்துவிடுவான். வயிறு பருத்த ஆடு நுழையாது. ஆட்டைத் தடுக்கும் அதே திறப்பு குழந்தை வண்டியையும் தடுத்துவிடுவதால், ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொள்ள மற்றவர் வண்டியை மடக்கி வேலிக்கு மேலே தூக்கித் தர வேண்டியதாகிறது. ஒரு முறை செய்தால் விளையாட்டு. வேலிக்கு வேலி செய்தால், அது குடும்பம் அந்தப் பக்கமே மறுமுறை வராமல் போவதற்கான காரணம்.

மேனிஃபோல்டில் இந்தத் தொல்லை இல்லாமற்போனதற்கான கதை 1904இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூனில் வாட்டர்ஹவுசஸ் என்னும் ஊருக்கும் ஹல்ம் எண்ட் என்னும் சிற்றூருக்கும் இடையே, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில், சுமார் எட்டு மைல் தூரத்துக்கு லீக் – மேனிஃபோல்ட் பள்ளத்தாக்கு இலகு ரயில்பாதை திறக்கப்பட்டது. இலகு ரயில் என்பது செலவைக் குறைப்பதற்காகக் குறைந்த எடையும் வேகமும் கொண்டதாக, எளிய விதிகளின் கீழ் அமைக்கப்படும் பாதை. பள்ளத்தாக்கில் மக்கள் தொகை மிகக் குறைவு; பாலும் கோடைக்காலச் சுற்றுலாப் பயணிகளுமே அதன் வருமானம். பால் லாரிக்கு மாறிய பிறகு அந்த ரயிலுக்குப் பிழைக்க வழியில்லை. 1934 மார்ச்சில் அது மூடப்பட்டது. தண்டவாளம் பெயர்க்கப்பட்ட தடத்தை ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்ட மன்றம் பெற்று, 1937இல் நடைபாதையாகத் திறந்தது. கைவிடப்பட்ட ரயில் தடங்கள் நடைபாதையாவது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. 1937இல் அது மிக முன்கூட்டிய யோசனை. ரயில் செங்குத்தாக ஏறாது, சட்டென்று திரும்பாது. எனவே நீராவி எஞ்சினுக்காகச் செதுக்கப்பட்ட இதமான சரிவு, பிற்காலத்தில் தார் பூசப்பட்டதும், குழந்தை வண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

அந்தப் பாதையை வடிவமைத்த பொறியாளர் எவரார்ட் கால்த்ராப் இந்திய வாசகருக்கு முற்றிலும் அயலவரல்லர். மராட்டிய நிலத்தின் பார்சி நகரைப் பெரிய ரயில்பாதையோடு இணைத்து 1897இல் திறக்கப்பட்ட பார்சி இலகு ரயில்பாதை அவருடைய படைப்பே. அதே இரண்டரை அடி அகலம், அதே சிக்கனம். பார்சியில் பெற்ற அனுபவத்தையே அவர் ஸ்டாஃபோர்ட்ஷயருக்குக் கொண்டுபோனார் என்பதற்கு எஞ்சின்களின் தோற்றமே சான்றாகும். பெரிய முகப்பு விளக்குக்கு இடம் வைத்த அவற்றைப் பார்ப்பவர், ஏதோ வெப்பநாட்டுக்குக் கட்டியவை கப்பல் மாறி வந்துவிட்டன என்றே எண்ணுவார். பெரிய பாதையின் சரக்கு வண்டியை அப்படியே சுமந்து செல்லும் தாழ்வான தாங்கு வண்டியும் இங்கே பயன்பட்டது. சரக்கை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு இறக்கி ஏற்றும் கூலி இதனால் மிச்சமாயிற்று. பொறியியல் நோக்கில் குறை சொல்ல அதிகமில்லை, குறை கணக்குப் புத்தகத்தில்தான்.

இன்னோர் இந்தியத் தொடர்பு ஸ்வெயின்ஸ்லி சுரங்கவழிக்கு அருகில் இருக்கிறது. லீக் நகரின் பட்டுச் சாயத் தொழிலதிபரான சர் தாமஸ் வார்டில், சாயம் எளிதில் ஏறாத இந்தியத் தசர் பட்டுக்குச் சாயமேற்றும் முறைகளை ஆராய்ந்து, அதற்கு ஐரோப்பியச் சந்தையில் இடம் தேடித் தந்தவர். வில்லியம் மோரிஸுடன் சேர்ந்து இயற்கைச் சாயங்களில் சோதனை செய்தவர். அவருடைய மாளிகை ஸ்வெயின்ஸ்லியில் இருந்தது. ரயில் அதன் பார்வையில் படக்கூடாது என்பதற்காகவே அந்தக் குறுஞ்சுரங்கம் தோண்டப்பட்டதாகக் கூறுவர். அந்தச் சுரங்கத்திலும் அங்கிருந்து வெட்டன் மில் வரைக்கும் அதற்குச் சற்று அப்பாலும் பாதையைக் கார்களும் பயன்படுத்துகின்றன. ஓடியாடும் குழந்தைகளின் கையை இந்தப் பகுதியில் மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வெட்டன் மில்லை ஒட்டித்தான் பள்ளத்தாக்கின் விந்தையும் நிகழ்கிறது. சுண்ணாம்புப் பாறை மழைநீரில் உள்ள இலேசான அமிலத்தில் கரைந்து உள்ளே வெடிப்பும் வளையுமாகிவிடுவதால், வறண்ட கோடையில் மேனிஃபோல்ட் ஆறு இங்குள்ள உறிஞ்சு துளைகளில் இறங்கி மறைந்து, பல கிலோமீட்டர் தொலைவில் ஐலம் பூங்காவில் மீண்டும் மேலெழுகிறது. அதன் துணையாறான ஹாம்ப்ஸும் இவ்வாறே மறையும். பாலத்தின் மேல் நின்று கீழே பார்க்கும் குழந்தைக்குத் தெரிவது உருண்டைக் கற்களும், நீரின் உயரத்தைக் காட்டிக்கொண்டு காய்ந்து கிடக்கும் பாசியும், இடையிடையே முளைத்த அகன்ற இலைச் செடிகளுமே. தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை காலடியிலேயே இருப்பதால், நிலவியலைச் சொல்லித் தர இதைவிட நல்ல வகுப்பறை அமைவது அரிது. மழைக்காலத்தில் அதே இடத்தில் ஆறு நிறைந்து ஓடும். வசந்தத்தில் கரையோரக் காட்டுப்பூண்டின் வாடை பாதையெங்கும் நிறைந்திருக்கும்.

சற்றுக் கீழே, ஆற்றிலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில், தோர்ஸ் கேவ் என்னும் குகை பாறை முகப்பில் வாய் பிளந்து நிற்கிறது; வாயின் உயரம் மட்டும் சுமார் 10 மீட்டர். கற்காலந்தொட்டு மனிதர் அதைப் பயன்படுத்திய தடயங்கள் அகழ்வில் கிடைத்துள்ளன. கீழிருந்து படிகள் உண்டென்றாலும் ஏற்றம் கடுமையானது. குகை வாயிலில் தலைமுறைகளின் கால் பட்டு மெருகேறிய சுண்ணாம்புப் பாறை, ஈரம் பட்டால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுடன் பெற்றோரில் ஒருவர் மேலேறி வர, மற்றவர் கைக்குழந்தையோடு கீழேயே இருப்பது உசிதம். பாதையிலிருந்து அண்ணாந்து பார்த்தாலும் குகை வாய் தெளிவாகவே தெரிவதால், கீழே நிற்பவருக்கு இழப்பு ஒன்றும் பெரிதில்லை.

பீஸ்டன் டோர் என்னும் பெரும்பாறையை அடுத்துப் பாதை மேனிஃபோல்டை விட்டு ஹாம்ப்ஸின் கரைக்கு மாறி, சிறு பாலங்களின் மேல் ஆற்றை மாறி மாறிக் கடந்து வாட்டர்ஹவுசஸ் சேர்கிறது. இந்தப் பகுதியில் கார்கள் இல்லை, மரநிழல் மிகுதி. ரயில் போய்விட்டதால் திரும்பும் வழியும் நடைதான். ஆகவே சிறு பிள்ளைகளைக் கூட்டிவருவோர் முழு எட்டு மைலையும் இலக்காக வைக்காமல், பழைய நிலையக் கட்டிடம் தகவல் மையமாக இயங்கும் ஹல்ம் எண்ட்டிலிருந்து எக்டன் செப்புச் சுரங்க மலையடி வரையிலோ, வாட்டர்ஹவுசஸிலிருந்து பீஸ்டன் டோர் வரையிலோ போய்த் திரும்புவது நல்லது. ரயில்பாதையே இல்லாத பள்ளத்தாக்குகளில் வேலித் திறப்புகளை அகற்றிச் சாய்தளக் கதவுகள் அமைக்கும் முயற்சி எவ்வாறு நடந்துவருகிறது என்பது அடுத்த இதழில்.